தலைகீழாகத் தொங்கிய ராணி

தட்டில் கேசரி இருந்தது. பக்கத்தில் வாழைக்காய் பஜ்ஜி. தட்டைப் பிடித்திருந்த கைகளில் பச்சைக் கண்ணாடி வளையல். வளையலுக்கு மேலே பார்வையை ஏற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தட்டை நீட்டுவதற்காக அந்தப் பெண் குனிந்தாள். அவள் கழுத்துச் சங்கிலி முன்னால் ஊசலாடி, என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. சங்கிலியில் ஒரு தங்கக் காசு.

நான் காசைப் பார்த்தேன்.

டெல்லி கிட்வாய் நகரில், பெண்ணின் அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் அது. கூடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். "மாப்பிள்ளை ரொம்ப அமைதி" என்று என் அக்கா அஞ்சலை அதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டாள். நாற்பத்தைந்து வயது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவளிடம் வேறு என்ன இருந்தது?

அந்த அமைதியான மாப்பிள்ளை அன்று வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் இதுதான்:

"இது நெசப் பவுன் இல்லீங்க. குதிரையக் காணோம்."

கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடியது.

என்னை அங்கேயே, பஜ்ஜிக்கு எதிரில், கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு வருகிறேன். எந்தக் குதிரை, என்ன பவுன் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. போன வாரம் இதே பத்தியில் அக்காவின் சமையலைப் பற்றி எழுதியதற்கு அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் என்னைப் பற்றியே எழுதுகிறேன். நான் என்னோடு பேசாமல் இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஏழுமலைக்கு ஏழு மாடி

லோதி ரோட்டில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் நான் லிஃப்ட் ஓட்டுகிறேன். பெயர் ஏழுமலை. கட்டடத்துக்கும் ஏழு மாடி. மாற்றலாகி வரும் ஒவ்வொரு தமிழ் அதிகாரியும் இதற்காக ஒரு முறை சிரிப்பார். நானும் அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல் கூடவே சிரிப்பேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது என்பாள் அக்கா.

கூச்சப்படுகிறவனுக்கு லிஃப்டைப் போல ஒரு வேலை வாய்க்காது. ஏறுகிற எல்லாரும் கதவைப் பார்த்து நிற்பார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. "பாஞ்ச்" என்பார் ஒருவர். "தீன், பையா" என்பார் இன்னொருவர். அந்த எண்ணுக்கான பொத்தானை அழுத்தினால் போதும். ஸ்டூல் ஒன்று, தலைக்கு மேலே குழல்விளக்கு ஒன்று, கிரீஸ் வாசனை. மற்றபடி உலகம் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலை, ஐந்தாம் மாடியில் இறங்கும்போது கணக்குப் பிரிவு அதிகாரி சுந்தரம் சார் கைக்குட்டையை உருவினார். அதோடு ஏதோ விழுந்து, டிங் என்று குதித்து, உருண்டு, லிஃப்டுக்கும் மாடித் தரைக்கும் நடுவே இருக்கிற விரல் அகல இடுக்கில் அளவெடுத்ததுபோல் நுழைந்து மறைந்தது. கீழே வெகு ஆழத்தில் இன்னொரு டிங் கேட்டது.

"விக்டோரியா!" என்றார் சார். யாரோ ஆள் உள்ளே விழுந்துவிட்டதுபோல அவர் முகம் வெளுத்துப்போனது.

விழுந்தது விக்டோரியா ராணியின் தலை போட்ட இங்கிலாந்து பென்னி. செம்புக் கலவைக் காசு. சாருக்குப் பழைய பிரிட்டிஷ் காசுகளில் பைத்தியம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பத்து நாள் கழித்து லிஃப்டைப் பழுது பார்க்க மெக்கானிக் வந்தார். அவரோடு நானும் பள்ளத்தில் இறங்கினேன். பேனா மூடிகள், சட்டைப் பொத்தான்கள், ஒரு சாவிக்கொத்து, யாரோ ஒருவரின் பல் செட். அவற்றுக்கு நடுவே கறுத்துப்போன பெரிய காசு ஒன்று. அதில் கொண்டை போட்ட ஒரு பெண்.

எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்போது நாங்கள் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தோம். கேம்ப்பை இடிப்பதற்குச் சில வருஷம் முன்பு. அக்கா குத்துவிளக்கு தேய்க்கப் புளி ஊறவைத்திருந்தாள். அடடா, நல்ல சமயம் என்று காசை அதில் போட்டேன். பிறகு சாம்பல் வைத்துத் தேய்த்தேன். மறுநாள் காலை புதுச் செம்புக்குடம் மாதிரி மின்னிய காசை சார் கையில் வைத்தேன்.

"புதுசாவே ஆக்கிட்டேன் சார்."

சார் மெல்ல என் ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவரை என் ஸ்டூலில் எந்த அதிகாரியும் உட்கார்ந்ததில்லை.

"என்னய்யா போட்ட?"

"புளி சார். அப்புறம் கொஞ்சூண்டு சாம்பல்."

"நூறு வருஷத்துக்கு மேல சேந்த நெறம்யா அது! அந்த நெறத்துக்குத்தான் மதிப்பே. ஒரு எலுமிச்சங்கா அளவு புளியில போச்சே!" பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, சட்டென்று சிரித்துவிட்டார். "நீயே வச்சுக்க. இனி உனக்கும் இந்தச் சீக்குதான்."

சார் சொன்னது பலித்தது.

ஃபைன் என்றால் என்ன

அதன் பிறகு எங்கள் பேச்சு மாடிக் கணக்கில் நடந்தது. தரைத் தளத்தில் சார் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பார். இரண்டாம் மாடியில் ஆள் ஏறினால் நிறுத்திவிடுவார். நான்காம் மாடியில் அந்த ஆள் இறங்கியதும், நிறுத்திய வார்த்தையிலிருந்து தொடர்வார். ஐந்தாம் மாடியில் அவர் இறங்கவேண்டும். மிச்சம் சாயங்காலம்.

காசுக்குத் தரம் பிரிக்க அவர்களிடம் வார்த்தைகள் உண்டு. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். ஃபைன் என்றால் பிரமாதம் என்று நினைத்துவிடக் கூடாது. ராணியின் தலைமுடியெல்லாம் வழித்ததுபோல் தேய்ந்து, உருவம் மட்டும் மிஞ்சியிருப்பதுதான் ஃபைன். இது தெரிந்த நாளிலிருந்து, காலையில் லிஃப்டில் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்து "ஃபைன், ஃபைன்" என்று சொல்லிக்கொள்ளும் குமாஸ்தாக்களைக் கடைக்கண்ணால் பார்ப்பேன். சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும்.

காசின் விளிம்பில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத்தான் நான் ஆங்கில எழுத்து படித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி இரண்டு வருஷம், ஒவ்வொரு எழுத்தாக. நான் படித்த வார்த்தைகள் பாதி ஆங்கிலமே இல்லை, லத்தீன் என்று சார் பிறகுதான் சொன்னார். இன்றைக்கும் எனக்கு ஆங்கிலத்தைவிட லத்தீன் இரண்டு வார்த்தை கூடுதலாகத் தெரியும்.

கதைகளும் சொல்வார். விக்டோரியா ராணி காலத்தில் புதிதாக ஒரு வெள்ளிக்காசு அடித்தார்களாம். 'கடவுள் அருளால் ராணி' என்று வழக்கமாகப் போடுவதை அதில் விட்டுவிட்டார்கள். ஊரே கொந்தளித்துவிட்டதாம். சாமி இல்லாத காசு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இன்றைக்கு அந்தக் காசுக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். தப்பாக அடித்ததைத் தேடித் தேடி நேசிக்கிற இந்தக் கூட்டம் எனக்குப் பிடித்துப்போனது.

புரட்டிப் பார்

ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைக் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தேன். அங்கே துணியை விரித்து, சாவி, பூட்டு, உடைந்த கடிகாரங்களோடு ராணிகளையும் ராஜாக்களையும் குவித்து வைத்திருப்பார்கள். "அசலி ஹை, அங்கிள்" என்பார்கள். பத்தில் ஒன்பது போலி.

போலியைக் கண்டுபிடிக்க எடை, ஓசை, விளிம்பின் வரிகள் என்று பல வழி. எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. உங்கள் பையில் இருக்கிற ரூபாய்க் காசை எடுத்து, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல் திருப்புங்கள். இரண்டு பக்கமும் நேராக நிற்கும். விக்டோரியா ராணியின் இளமைக் காலத்து இங்கிலாந்துக் காசை அப்படித் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக இருக்கும். அதை நாள்காட்டித் தாளைத் தூக்குவதுபோல் கீழிருந்து மேலாகத் திருப்ப வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே அப்படித்தான் அடித்தார்கள்.

போலி செய்கிறவன் இதைக் கவனிப்பதில்லை. அவனுக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும்.

ஆனால் என் கண்ணும் விரலும் பழகியது செம்பிலும் வெள்ளியிலும்தான். தங்கத்தை நான் தொட்டதில்லை. நகைக்கு நாம் பவுன் கணக்குச் சொல்கிறோமே, அந்தப் பேச்சே வெள்ளைக்காரனின் தங்கக் காசிலிருந்து வந்தது என்று சார் சொல்லியிருந்தார். படம் ஒன்றும் காட்டினார். குதிரைமேல் ஒரு வீரன், குதிரையின் காலடியில் பாம்புபோல ஒரு மிருகம். எங்கள் ஊர் அய்யனார் குதிரையோடு இங்கிலாந்தில் போய் நிற்பதுபோல் இருந்தது. பவுன் என்றால் குதிரை என்று மனதில் பதிந்துவிட்டது.

அவ்வளவுதான் என் தங்க ஞானம். ஒரே ஒரு படம். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் பெண் பார்க்கும் இடத்தில் தீர்ப்பு சொன்னேன்.

மறுபடியும் பஜ்ஜி

என் முன்னால் ஆடிய காசில் குதிரை இல்லை. கிரீடம் வைத்த ஒரு கேடயம், சுற்றிலும் இலைக்கொத்து.

முதலில் பேசியது பெண்ணின் அண்ணி வசந்தா.

"கேட்டீங்களா? நான் அன்னிக்கே சொன்னேன்! வெள்ளைக்காரி சும்மா தங்கக் காசத் தூக்கிக் கொடுப்பாளான்னு. மாமா கத வுட்டிருக்காரு. நாப்பது வருஷமா இந்தக் கதயக் கேட்டுக்கிட்டு இருக்கு இந்தக் குடும்பம்!"

"அண்ணி, எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு."

அதுதான் பெண்ணின் குரலை, கலாவதியின் குரலை, நான் முதல் முறை கேட்டது. உயரமில்லாத, கனமான குரல். தட்டு டொக்கென்று மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அவள் விசுக்கென்று திரும்பினாள். சங்கிலி சுழன்றது. காசும் சுழன்று, அரை நொடிக்கு அதன் பின்பக்கம் எனக்குத் தெரிந்தது.

ராணி தலைகீழாகத் தொங்கினாள்.

தொண்டைக்குள் ஒரு வாக்கியம் ஏறி, பாதி மாடியில் நின்றுவிட்டது. அதற்குள் கலாவதி உள்ளே போய்விட்டாள். அவளுடைய அண்ணன் செருப்புகள் இருந்த பக்கம் பார்த்தார். அக்கா எழுந்துவிட்டாள்.

பஸ்ஸில் அக்கா என் காதுக்குள் கத்தினாள். "டேய், அவங்கப்பா தூதரகத்துல ஒரு வெள்ளைக்காரம்மா வூட்டுல சமையல் பண்ணவரு. இந்தப் பொண்ணு பொறந்தப்போ அந்தம்மா ஊருக்குப் போறன்னிக்குக் கொடுத்துட்டுப் போன காசுடா அது. செத்துப்போன மனுசனப் போயி எட்டு பேரு முன்னாடி பொய்யனாக்கிட்டியே! சரி, பொண்ணு எப்படி? மூக்கு, முழி?"

"பாக்கல."

"பின்ன என்னத்தடா பாத்த?"

"ராணி தலைகீழா இருந்தாங்கக்கா."

அக்கா தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு சர்தார்ஜி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கேடயம்

திங்கட்கிழமை காலை தரைத் தளத்தில் சாரைப் பிடித்தேன்.

"சார், குதிர இல்லாத பவுன் உண்டா?"

சார் வாயைத் திறந்தார். நான்கு பேர் ஏறினார்கள். சார் வாயை மூடினார். ஒன்று. இரண்டு. மூன்று. என் ஆயுளில் அந்த லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை. நான்காம் மாடியில் எல்லாரும் இறங்கினார்கள்.

"உண்டே! விக்டோரியா இளமைக் காலத்துல ரொம்ப வருஷம் குதிரையே கிடையாது. கேடயம்தான்." கைப்பேசியில் படத்தைத் தேடி நீட்டினார். கிரீடம், கேடயம், இலைக்கொத்து. "எங்க பாத்த?"

"ஒருத்தங்க கழுத்துல சார். நான்... போலின்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி! ராணி எப்படி இருந்தா?"

"தலைகீழா சார்."

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. சார் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. "அது நல்ல சகுனம்யா. ஆனா அத மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. கவனமான போலியும் உண்டு. லென்ஸ் வச்சுப் பாரு. ராணி கழுத்து வெட்டுல ரெண்டு குட்டி எழுத்து இருக்கும். இலை முடிச்சுக்குக் கீழ ஒரு குட்டி நம்பர் இருந்தாலும் இருக்கும், அச்சோட நம்பர். ரெண்டும் கூர்மையா இருக்கணும். இந்தா." தன் லென்ஸை என் பையில் போட்டார்.

லென்ஸ் வந்துவிட்டது. அந்தக் கழுத்துக்கு எப்படிப் போவது? அவள் லோதி ரோட்டிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறாள் என்று அக்கா சொல்லியிருந்தாள். நடந்தால் பத்து நிமிஷம். இரண்டு நாள் மதிய இடைவேளையில் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்வரை போனேன். இரண்டு நாளும் வாசலில் நிலக்கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

லிஃப்டுக்கு வந்த விசிட்டர்

புதன்கிழமை வாயில் காவலர் போன் செய்தார். "ஏழுமலை பாய், ஆப்கா விசிட்டர். எந்த செக்‌ஷன்னு கேட்டா லிஃப்டுன்னு சொல்றாங்க. ரெஜிஸ்டர்ல என்ன எழுதட்டும்?"

அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்கு விசிட்டர் வந்ததில்லை. பதில் சொல்வதற்குள் கதவுக்கு வெளியே பழுப்பு நிறச் செருப்பும் நீலச் சேலைக் கரையும் வந்து நின்றன. பச்சை வளையலை அடையாளம் தெரிந்தது.

உள்ளே வந்தாள். கதவு மூடியது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் கலாவதி. "எங்கண்ணி..."

முதல் மாடியில் இரண்டு பேர் ஏறினார்கள். அவள் நிறுத்திக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே லிஃப்டின் சட்டம் அவளுக்குப் புரிந்திருந்தது! மூன்றாம் மாடியில் அவர்கள் இறங்கியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"...தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. கறிகாய் வண்டிக்காரன்கூட ‘சுனா ஹை நக்லி நிக்லா’, போலியாமேங்கறான். என்னக் கட்டிக்கிறீங்களோ இல்லியோ, அது வேற. எங்கப்பா சொன்னது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். பொய்னா பொய்னு சொல்லிடுங்க. ஆனா கையில வாங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கொக்கியைக் கழற்றும் சத்தம் கேட்டது. என் உள்ளங்கையில் காசு வந்து விழுந்தது. அவள் கழுத்துச் சூடு அதில் இருந்தது. இத்தனூண்டு காசுக்கு எத்தனை கனம்! நான் முதன்முதலாகக் கையில் பிடித்த தங்கக் காசு. எனக்குத் தலை சுற்றியது. லிஃப்ட் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

லென்ஸை எடுத்தேன். குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தேன். ராணியின் கழுத்து வெட்டில் இரண்டு குட்டி எழுத்து, எறும்பின் கால் மாதிரி மெல்லிசாக, பிசிறில்லாமல். திருப்பினேன். கேடயம், அதைச் சுற்றிய இலைக்கொத்து, கொத்தின் முடிச்சு. முடிச்சுக்குக் கீழே... மூச்சை நிறுத்திப் பார்த்தேன். இருந்தது. ஒரு குட்டிப் பதினேழு. விளிம்பின் வரிகள் ஒன்றுபோல் ஓடின, வளையத்தைப் பற்றவைத்த இடம் தவிர.

மேலே எங்கோ கதவைத் தட்டினார்கள். "அரே ஏழுமலை! லிஃப்ட் கஹான் ஹை? ஜல்தி!" எனக்குக் கேட்டது. பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான் மறந்துபோயிருந்தது. அவளே எட்டி ஏதோ ஒன்றை அழுத்தினாள். நான் அதுவரை யாரையும் அந்தப் பொத்தான்களைத் தொட விட்டதில்லை.

ஐந்தாம் மாடியில் திறந்தது. வெளியே சுந்தரம் சார். என்னைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் படியிலயே எறங்கிக்கறேன்" என்றார். அவருக்கு இரண்டு முழங்காலும் வலி.

கதவு மூடியதும் காசைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நெசம். உங்கப்பா சொன்னது நெசம். நான் சொன்னதுதான் பொய். இது அசல் பவுன். லண்டன்ல அடிச்சது."

அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. அழுகிறாளோ என்று பயந்தேன். அதனால் வேகமாகப் பேசினேன், என் வாழ்நாளில் பேசாத வேகத்தில். "முதல்லயே சந்தேகம் வந்துச்சுங்க. ராணி தலைகீழா இருந்தாங்க. தலைகீழா இருந்தா..."

"இருங்க, இருங்க," என்றாள். "தலைகீழா இருக்கறது நல்லதா?"

"அதான் அடையாளமே."

சிரிப்பு வெடித்தது. அந்தக் கனமான குரலுக்குள்ளிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று யார் நினைத்தது! சிரித்துச் சிரித்து என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பா சாகற வரைக்கும் அந்த ஆசாரியத் திட்டினாரு! ‘படவா, வளையத்த மாத்தி வச்சு ராணியத் தலைகீழாத் தொங்கவுட்டுட்டான்’னு. அந்தாளு கெஞ்சினாராம், ‘இந்தப் பக்கம் நேரா வச்சா அந்தப் பக்கம் கவுந்துக்குதுங்க’ன்னு. யாருமே நம்பல!"

நானும் சிரித்தேன். லிஃப்ட் ஏழாம் மாடிக்குப் போய், யாரும் ஏறாமல், மறுபடி கீழே இறங்கியது. காசின் தரம் என்ன என்று கேட்டாள். வளையம் பற்றவைத்த காசைத் தரம் பிரிக்கிறவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று உண்மையைச் சொன்னேன். "போறாங்க" என்றாள்.

தரைத் தளம் வந்தது. காசை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். போகும்போது சொன்னாள்:

"போலின்னு எட்டு பேரு முன்னாடி சொன்னீங்க. நெசம்னும் அந்த எட்டு பேரு முன்னாடியே சொல்லணும். ஞாயித்துக்கெழம வாங்க."

எட்டுப் பேர் முன்னால்

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலி லிஃப்டில் ஒத்திகை பார்த்தேன். சுவரிடம் நன்றாகவே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை. அதே கூடம். அதே எட்டுப் பேர். இந்த முறை பஜ்ஜி இல்லை. எங்களுக்கு டீ கொடுத்ததே பெரிது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சுந்தரம் சாரின் லென்ஸ் என் பையில் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"என்னமோ சொல்லணும்னு வந்தீங்களாமே?" என்றார் வசந்தா. "சொல்லுங்க. இந்தத் தடவ எதக் காணோம்?"

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. இதுதான் எனக்குப் பழக்கமில்லை. லிஃப்டில் எல்லாரும் கதவைப் பார்ப்பார்கள். ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மின்விசிறி ஓடியது. அண்ணன் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், மறுபடியும் கெடுக்கப் போகிறேன், இந்த முறை பேசாமல் இருந்தே கெடுக்கப் போகிறேன் என்று புரிந்தது.

அப்போது சமையலறை வாசலிலிருந்து அந்தக் கனமான குரல் வந்தது. எந்த அவசரமும் இல்லாமல், யாரோ லிஃப்டில் ஏறியதுபோல.

"கிரவுண்டு."

"அது அசல்," என்றேன் நான்.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அது போதுமாயிருந்தது.

"ஃபர்ஸ்ட்."

"நான்தான் தப்பாச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது ஒரே படம்."

"செகண்டு."

"குதிரைக்கு முந்தி கேடயந்தான் போட்டாங்க."

மூன்றாம் மாடியில் ராணியின் கழுத்து எழுத்தைச் சொன்னேன். நான்காவதில் அச்சு நம்பர். ஐந்தாவதில் ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் புரட்டிக் காட்டினேன். அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்தும் ஒன்றை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். "ஆமா வசந்தா, நேராத்தான் இருக்கு!" என்று ஆச்சரியப்பட்டார். நாற்பது வருஷமாக ரூபாய் வைத்திருக்கிறவர். ஆறாவதில், ராணி தலைகீழாகத் தொங்குவது ஆசாரியின் தப்பில்லை, இங்கிலாந்து அச்சின் வழக்கம் என்றேன்.

"செவன்த்து," என்றாள் கலாவதி.

"உங்க அப்பா பொய் சொல்லல. அத நான் இங்க நின்னு சொல்றேன்."

வசந்தா லென்ஸை வாங்கிக்கொண்டு போய், கலாவதியின் கழுத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றக் கண்ணை. "ஐயோ, ஆமா. பதினேழு," என்றார். பிறகு, மெதுவாக, "மாமாவப் போயி நான் எத்தினி பேசிட்டேன்," என்றார். வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உடனே பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது.

"காசு கத முடிஞ்சிது. பொண்ணு கத என்ன? புடிச்சிருக்கா, இல்லியா?"

அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலை என்று அர்த்தம். ஆனால் அன்று முழுவதும் உண்மை பேசிப் பழகியிருந்தேன்.

"நான் இன்னும் பாக்கலீங்க."

"என்னது?"

"ரெண்டு தடவையும்... காசத்தான் பாத்தேன்."

அண்ணன்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். ரூபாய்க் காசு அவர் கையிலிருந்து விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. அக்கா "கடவுளே, கடவுளே" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பழுப்புச் செருப்பு இல்லாத வெறும் பாதங்கள் கூடத்தைக் கடந்து வந்து என் முன்னால் நின்றன. கொக்கியைக் கழற்றும் அந்தச் சின்னச் சத்தம்.

"அண்ணி, இதக் கொஞ்சம் புடிங்க," என்றாள் கலாவதி. வசந்தாவின் கையில் சங்கிலி சரிந்து விழும் ஓசை கேட்டது.

"இப்பப் பாருங்க."

வளையல்வரை ஏறினேன். தோள்வரை ஏறினேன். வெறும் கழுத்தில், இத்தனை வருஷம் காசு உட்கார்ந்திருந்த இடத்தில், ஒரு வட்டம் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. அங்கே கொஞ்சம் நின்றேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போனேன்.

இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. சிரிப்பை அடக்கியதில் அது துடித்துக்கொண்டிருந்தது.